புதுத் துப்பாக்கி ஏன் ஏழு மணிப் பக்கமே சுடுகிறது?

கபடியில் தோற்றவன் தன் காலைத்தான் நொந்துகொள்ள வேண்டும். துப்பாக்கி சுடுதலில் அப்படி இல்லை. கையில் ஒரு இயந்திரம் இருக்கிறது. குறி தப்பினால் அதைச் சொல்லலாம், குண்டைச் சொல்லலாம், வெளிச்சத்தைச் சொல்லலாம், தில்லிக் குளிரைச் சொல்லலாம். தன் கையைச் சொல்வது கடைசியில்தான். இன்னொரு கட்சியும் உண்டு. எது தப்பானாலும் "நீ கவனமா இல்லை" என்று பிள்ளையையே திட்டும் அப்பா அம்மாக்கள். நிற்கும் இடத்திலேயே இரண்டு கட்சியையும் வாரா வாரம் பார்க்கிறேன். இரண்டுமே சோதிக்காமல் தீர்ப்பு சொல்கின்றன.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் என்பது ஒரே கையால் பிடித்து, நின்றபடி, அழுத்தப்பட்ட காற்றால் 4.5 மி.மீ. ஈயக் குண்டைச் சுடும் போட்டி. 60 குண்டுகள், 75 நிமிடம், மொத்தம் 600 மதிப்பெண். பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. சட்டைப் பொத்தான் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி 8 மி.மீ.க்கு ஒரு மதிப்பெண் குறையும்.

இதில் இயந்திரம் கைவிடுவது நிஜமாகவே நடக்கும். 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். நம்ம தில்லிக்குப் பக்கத்து ஜஜ்ஜர் மாவட்டத்துப் பெண் மனு பாக்கர், அப்போது வயது 19. தகுதிச் சுற்றின் நடுவில், குண்டு போடத் திறக்கும் லிவர் உடைந்துவிட்டது. போட்டிக்கு முந்தைய சோதனையில் தேறிய பிஸ்டல்தான். சரிசெய்துகொண்டு திரும்ப வருவதற்குள் சுமார் 20 நிமிடம் போயிற்று. கடிகாரம் அவருக்காக நிற்கவில்லை. மீதிக் குண்டுகளை அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார். இடம் 12. முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று; இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த நம் மக்கள் "பதறிட்டா" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். உடைந்த லிவர் யார் கண்ணிலும் படவில்லை.

மூன்று வருடம் கழித்து அதே பெண் 2024 ஜூலை 28ல் 221.7 எடுத்து வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் கலப்பு இரட்டையரில் இன்னொரு வெண்கலம். அதற்கப்புறம் எங்கள் சொசைட்டியிலேயே மூன்று பெண்கள் பிஸ்டல் கற்கக் கிளம்பினார்கள். என் மகள் அதற்கும் ஒரு வருடம் முன்பே சேர்ந்துவிட்டவள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

2024 டிசம்பரில் அவளுக்குச் சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்கினோம். அதுவரை கிளப்பின் பழைய பிஸ்டல். அவள் கை சின்னது என்பதால், குட்டைக் குழாய் உள்ள 'காம்பேக்ட்' ரகம். ஒரு லட்சத்துக்கு மேல். (தங்கமணி அந்த மாதம் முழுக்க அதைக் கிராமுக்கு இத்தனை ரூபாய் என்று தங்க விலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்!) கிளப் பிஸ்டலில் 550 பக்கம் சுட்டுக்கொண்டிருந்தவள் புதியதில் 529. குண்டுகள் எல்லாம் கீழே இடது பக்கம், கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில், சிதறிச் சிதறி. கிளப் தேர்வுப் போட்டிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "புதுசுல அப்படித்தான் சார், செட் ஆயிடும்" என்றார். அவள் ஒரு வாரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் ராத்திரி, "அப்பா, இதை வித்துடலாம்பா. எனக்கு வரலைன்னு நினைக்கறேன்" என்றாள். 'பிஸ்டல் சரியில்லை' என்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

ரேஞ்சில் இன்னொரு அப்பா உடனே வைத்தியம் சொன்னார். ரியர் சைட் திருகை மேலே நாலு கிளிக், வலப்பக்கம் நாலு கிளிக் வையுங்கள், குண்டுகள் தானாக நடுவுக்கு வந்துவிடும். எங்கள் கோச், ஹரியானாக்காரர், தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவர் ஹிந்தியில் சொன்னதன் சாரம் இது: குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்து, அந்த இடம் மட்டும் தப்பு என்றால் சைட்டைத் திருப்பு. சிதறி விழுந்தால் சைட்டைத் தொடாதே. சிதறலை நகர்த்தினால் நடுவில் ஒரு சிதறல் கிடைக்கும், அவ்வளவுதான்.

எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. டிரயல் பேலன்ஸ் இடிக்கிறது என்றால் வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிடலாம். ஆனால் தப்பான பதிவு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாக டிக் அடித்துத் தேடுவதுதான் வழி. ஒரு நோட்டு வாங்கினேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதன் பலன், தேதி. இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்வதில்லை என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம்.

முதலில் பிஸ்டல் மட்டும். மனிதக் கை இல்லாமல், கிளாம்பில் இறுக்கிப் பூட்டிச் சுட்டுப் பார்ப்பது. அதற்கு முன்னால் எல்லாத் திருகும் சோதித்தோம். கப்பலிலும் லாரியிலும் குலுங்கி வந்த புதுப் பொருளில் கிரிப் திருகும் சைட் திருகும் தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. கிரிப் திருகு அரைச் சுற்று தளர்ந்துதான் இருந்தது. காற்று சிலிண்டரில் அழுத்தம் சரியாக இருந்தது. (குறைந்து போனால் குண்டின் வேகம் குறைந்து கீழே விழும். சிலிண்டரின் ஆயுள் தயாரித்த தேதியிலிருந்து பத்து வருடம். பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் அதில் பொறித்திருக்கும் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.) பிறகு மூன்று டப்பா குண்டுகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் தலையின் அளவு 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு பங்கு மி.மீ. வித்தியாசத்தில் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து சுட்டதில் மூன்றுமே ஒற்றை ஓட்டைதான்; 4.50 ஒரு இழை மேல். ஆக, குழாயும் குண்டும் நிரபராதி.

அடுத்து, குட்டையாக இருப்பதுதான் காரணமா? இதற்கு ஸ்கேலும் கால்குலேட்டரும் போதும். கிளப் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 32 செ.மீ. புதியதில் 28. முன் சைட் அரை மி.மீ. கோணலானால், பத்து மீட்டர் தள்ளி அது பழையதில் சுமார் 16 மி.மீ., புதியதில் சுமார் 18 மி.மீ. தப்பு. இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல்! ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து, கை மொத்தமாக அரை மி.மீ. நகர்ந்தால் டார்கெட்டிலும் அரை மி.மீ.தான் தப்பும். கை ஆடுவதற்குப் பயப்பட வேண்டாம், சைட் கோணலாவதற்குப் பயப்படு என்று கோச்சுகள் ஓயாமல் சொல்வதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு எண்ணிக்கையாகத் தெரிந்தது. குட்டைக் குழாயால் சிதறல் ஏழில் ஒரு பங்கு பெரிதாகலாம். எல்லாம் ஏழு மணிக்கே போவதற்கு அது காரணமாக முடியாது.

மூன்றாவது, கையும் பிஸ்டலும் சேரும் இடம். இதற்குக் காசில்லாத ஒரு சோதனை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கி, கை நிலைத்ததும் கண்ணைத் திற. முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் நடுவே தானாக நின்றால் கிரிப் கைக்குப் பொருத்தம். பத்துத் தடவையில் எட்டுத் தடவை அவளுக்கு முன் சைட் இடப்பக்கம் ஒட்டி நின்றது. அவளும் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டை முறுக்கி அதை நடுவுக்குக் கொண்டுவந்துதான் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான்காவது, வெற்றுச் சுவரைப் பார்த்துக் குண்டில்லாமல் ட்ரிகர் அழுத்துவது. ஏர் பிஸ்டல்களில் இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. டார்கெட் இல்லாததால் கண் முன் சைட்டில் மட்டும் நிற்கும். 'டிக்' என்ற நொடியில் முன் சைட் அசையாவிட்டால் விரல் சரி. அவளுக்கு அது ஒவ்வொரு தடவையும் கீழே இடப்பக்கம் ஒரு குட்டிக் கும்பிடு போட்டது. ஏழு மணி!

கோச் குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். ட்ரிகர் அவள் விரலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. எட்டிப் பிடிக்கையில் விரலின் அடிப்பாகம் மரக் கிரிப்பில் உரசி, அழுத்தும்போது பிஸ்டலையே இடப்பக்கம் தள்ளியது. கிளப் பிஸ்டலின் கிரிப் பல வருடம் பல கை பட்டுத் தேய்ந்தது. அதில் இந்த உரசல் இல்லை. அவ்வளவுதான் ரகசியம். ட்ரிகரை 3 மி.மீ. பின்னால் தள்ளினார். ஒரு வாரம் கழித்து, நோட்டில் எழுதியபின், விரல் படும் இடத்தில் மரத்தை உப்புத்தாளால் தேய்த்தார். அதற்கும் அடுத்த வாரம் கிரிப்பின் கோணம். ட்ரிகரின் எடையை அவர் தொடவில்லை. விதிப்படி குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். சைட் திருகைக் கடைசியில்தான் தொட்டோம், வெறும் இரண்டு கிளிக். 538, 541, 547 என்று நோட்டில் ஏறிக்கொண்டு வந்தது.

காரணம் நாம் நினைத்தே பார்க்காத இடத்திலும் இருக்கலாம் என்பதற்கு அபினவ் பிந்த்ராவின் கதையைவிட நல்ல உதாரணம் இல்லை. 2004 ஏதென்ஸில் தகுதிச் சுற்றில் மூன்றாவதாக வந்தவர் இறுதிச் சுற்றில் ஏழாவதானார். அவர் நின்ற தடத்தில் தரை ஓடு ஒன்று தளர்ந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. கையும் இல்லை, ரைஃபிளும் இல்லை, தரை! 2008 பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முன் பழகச் சுட்ட குண்டு மையத்தைவிட்டு வெகு தூரம் போனது, சைட் நகர்ந்திருந்தது. அங்கே அவர் தன் கையைச் சந்தேகப்படவில்லை. கிளிக் கிளிக்காகத் திருப்பிச் சரிசெய்துகொண்டு, 700.5 எடுத்துத் தங்கம் வாங்கினார். தன் கையை நம்ப முடிந்ததால்தான் சைட்டைச் சந்தேகப்பட முடிந்தது.

தேர்வுப் போட்டியில் என் மகள் 551. ஒரு இடத்தில் தப்பிப் போனது. காரில் துக்ளகாபாத் கோட்டையைத் தாண்டும்போது அவளே ஆரம்பித்தாள். "கடைசிப் பத்துல மூணு ட்ரிகரை இழுத்துட்டேன்பா. பிஸ்டல் நல்லாத்தான் இருந்தது." 'எனக்கு வரலை' என்பதற்கும் 'மூணு குண்டு இழுத்துட்டேன்' என்பதற்கும் எவ்வளவு தூரம்! முதலாவதற்கு மருந்தே கிடையாது. இரண்டாவதற்கு நாளைக்குக் காலையிலேயே பயிற்சி உண்டு.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இது இன்னும் கொஞ்சம் தேவை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019ல் ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைஃபிள் தங்கம் வாங்கியபோது நாமெல்லாம் நம்ம வீட்டுப் பெண் என்றோம். அந்த மாதிரி ஒரு பெண் தடுமாறும் வாரத்தில் நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். அவளையோ பொருளையோ குற்றம் சொல்லும் முன் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். இருபது ரூபாய்தான்.

டிஸ்கி: நம் நாட்டில் 4.5 மி.மீ.க்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்ட ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. அதனால் அது பொம்மையாகிவிடாது. இங்கே சொன்ன சோதனை எதையும் கோச் பக்கத்தில் இல்லாமல் வீட்டு வரவேற்பறையில் செய்து பார்க்க வேண்டாம். குண்டில்லாமல் அழுத்தும்போதும் குழாய் சுவரைத்தான் பார்க்க வேண்டும், மனிதரை அல்ல.