சிரிப்பு வாயுவும் ஓட்டை பிஸ்டனும்

பல் டாக்டர் தரும் அதே சிரிப்பு வாயுதான் நைட்ரஸ். காருக்குள் போனால் சிரிக்க ஆளிருக்காது! இந்த வாயு தானாக எரியாது. இன்ஜின் சூட்டில் பிரிந்து ஆக்சிஜனை விடும். எடைக் கணக்கில் காற்றில் 23 சதவீதம் ஆக்சிஜன், இதில் 36.

அப்பாவின் பழைய எஸ்டீமுக்கு நைட்ரஸ் கேட்டு வந்த பையனிடம், உக்கடம் மெக்கானிக் ஓட்டை விழுந்த பிஸ்டன் ஒன்றைக் கொடுத்தார்.

"வாயு கெடுக்கலீங்க தம்பி, பெட்ரோல் பத்தாமத்தான் உருகிப்போச்சு. கம்பெனி இன்ஜினுன்னா கொஞ்சமாத்தான் வெக்கோணும். ஸ்பார்க் தாமதமா விழோணும். ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சு, இன்ஜின் 3000 சுத்து தாண்டுனப்புறந்தான் தொறக்கோணும். மொதல்ல பெட்ரோல் பம்ப்பைப் பாப்போம்."

இதெல்லாம் ரேஸ் டிராக்குக்கு மட்டும். ரோட்டில் ஓடும் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. வேகம் பார்க்க, பக்கத்திலேயே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.