லஸ் முதல் பெசன்ட் நகர் வரை

மயிலாப்பூரில் 'லஸ்' என்று சொன்னால் ஆட்டோ ஓட்டுநர் எவரும் மறுகேள்வி கேட்பதில்லை. லஸ் முனை, லஸ் சர்ச் சாலை என்று நாள்தோறும் நூறு முறை நம் வாயில் புழங்கும் அச்சொல்லின் பொருளை மட்டும் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் விழிப்பர். போர்த்துக்கீசிய மொழியில் அதற்கு ஒளி என்று பொருள். அங்கே எழுந்தருளியிருப்பவள் பிரகாச மாதா. ஒரு காலத்தில் சுற்றிலும் அடர்ந்த காடாயிருந்தமையால், காட்டுக் கோயில் என்றும் முதியோர் அவ்வாலயத்தை அழைப்பதுண்டு.

அவ்வாலயம் தோன்றிய வரலாற்றை நம் இல்லங்களில் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நள்ளிரவில் கடலில் திசை தெரியாது தத்தளித்த போர்த்துக்கீசியர் சிலர் தேவ தாயை நோக்கி மன்றாடினர். கரையில் ஓர் ஒளி தோன்றிற்று. அதையே குறியாகக் கொண்டு கரையேறி நடந்தனர். கடலிலிருந்து ஒரு மைலுக்குச் சற்று அதிகமான தொலைவில், காட்டின் நடுவே, அவ்வொளி மறைந்தது. மறைந்த இடத்தில் ஆலயம் எழுப்பினர். ஆலயத்துக் கல்வெட்டு 1516 என்னும் ஆண்டைக் கூறுகிறது. அவ்வளவு முற்பட்ட காலத்தில் இங்கு துறவியர் வந்திருத்தல் இயலுமா என்று ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுவர். அவ்வழக்கை அவர்களிடமே விட்டுவிடுவோம். என் மனத்தில் நிற்பது வேறொன்று. அந்த மாலுமிகள் கண்ட ஒளி அவர்களின் கண்ணைக் கூசச் செய்ததாக எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

சென்ற கார்த்திகை மாதத்து மழை இரவொன்றில், அதே லஸ் முனையில், வெளிச்சத்தின் மிகுதியால் வழி தெரியாமல் நான் நின்றேன்.

பெசன்ட் நகர்ப் பக்கத்தில் ஒரு முதியவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசி வந்தது. நோயில் பூசும் எண்ணெயையும், நற்கருணைச் சிமிழையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். பெருமழை ஓய்ந்து தூறல் மட்டும் இருந்தது. மெட்ரோ ரயில் பணிகளுக்காகச் சில ஆண்டுகளாய் மயிலாப்பூர்ச் சாலைகள் தகரத் தடுப்புகளுக்கிடையே ஒடுங்கிக் கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஒடுக்கத்தில், ஒருவர் முகத்துக்கு நேரே மற்றவர் விளக்கு நிற்கிறது. தலைக்கவசக் கண்ணாடியிலுள்ள மழைத்துளி ஒவ்வொன்றும் ஒரு விண்மீனாய் வெடிக்க, ஈரத்தார்ச் சாலையோ கண்ணாடி போல அவ்வொளியைக் கீழிருந்து திருப்பி அடித்தது. தடுப்பு எது, பள்ளம் எது, நடந்துபோகும் மனிதர் எவர் என்று ஒன்றும் புலப்படவில்லை.

கச்சேரிச் சாலை வழியே சாந்தோம் வந்தபோது சற்று மூச்சு விட்டேன். வடக்கே மெரினாக் கலங்கரை விளக்கத்தின் கதிர் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தது. 1796-ல் கோட்டையிலும், 1844-ல் இப்போதைய உயர் நீதிமன்ற வளாகத்தின் தூணிலும், 1894-ல் அந்நீதிமன்றத்தின் கோபுரத்திலும், 1977 முதல் மெரினாவிலுமாக நான்கு கலங்கரை விளக்கங்களை இந்நகர் கண்டிருக்கிறது. நாட்டிலுள்ள விளக்குகளிலெல்லாம் வலிமை மிக்கவற்றுள் ஒன்று அது. எனினும் அதன் அடியில் கடற்கரை மணலில் அமர்ந்து சுண்டல் தின்பவன் கண் கூசுவதில்லை. உயரத்திலிருந்து, காணவேண்டியவனுக்கு மட்டுமாய் அனுப்பப்படும் ஒளி அது.

கடலிலிருந்து இந்நகரின் மேல் வேறு வகை ஒளி பாய்ந்த இரவும் உண்டு. 1914 செப்டம்பர் 22 அன்று 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தருகே வந்து தன் தேடுவிளக்கை எண்ணெய்க் கலங்களின்மீது வீசி, அவ்வெளிச்சத்திலேயே குண்டு பொழிந்தது. 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் இன்றும் சொல்வது அதன் எச்சம். பின்னர் 1942-ல் ஜப்பானியர் வருவர் என்ற அச்சத்தில் நகரே இருட்டடிப்புச் செய்தபோது, வாகன விளக்குகளுக்கும் முகமூடி இட்டனர். போர் ஓய்ந்த பின்னும் நெடுங்காலம், முகப்பு விளக்கின் கண்ணாடியில் ஒரு கறுப்புப் பொட்டு இடும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. கண்ணேறு கழிப்பதற்கென்று நினைத்திருந்தேன் சிறுவயதில். எதிரே வருபவனின் கண்ணுக்காக இடப்பட்டது அது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பட்டினப்பாக்கம் கடந்து திரு.வி.க. பாலத்தில் ஏறினேன். பாலத்தின் உச்சியில் எதிர் வாகனங்களின் விளக்குகள் இயல்பாகவே வானை நோக்கி நிமிரும். ஏறி இறங்கும் சாலையில் அதை எவரும் தவிர்க்க இயலாது. ஆனால் பாலத்தை விட்டு இறங்கி, பிரம்மஞான சபைத் தோட்டத்து மதிலோரமாய் பெசன்ட் அவென்யூவில் திரும்பியபோது நேர்ந்தது தவிர்க்கக்கூடியதே. மரங்கள் அடர்ந்து இருள் சூழ்ந்த சாலை அது. எதிரே உயரமான கார் ஒன்று, தூய வெண்ணிற ஒளியை முழு உயரத்தில் எரியவிட்டு வந்தது. என் விளக்கை இருமுறை தாழ்த்திக் காட்டினேன். 'டிம்' அடித்தல் என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். பயனில்லை. கார் என்னைக் கடந்தது. அதன்பின் மூன்று விநாடிகள், ஒருவேளை நான்கு, எனக்கு உலகம் இல்லை.

மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு பதினோரு மீட்டர் ஓடுகிறது. மூன்று விநாடியில் முப்பத்து மூன்று மீட்டர். நம் ஆலயங்கள் பலவற்றில் தலைவாசலிலிருந்து பீடம் வரையுள்ள தூரம் ஏறத்தாழ அவ்வளவே. அத்தனை தூரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஓடிக் கடப்பதற்கு ஒப்பாகும் அது. நல்லவேளை, நான் அவ்வளவு விரைவாகச் செல்லவில்லை. கண்ணில் மீண்டும் உருவங்கள் கூடியபோது, என் முன்சக்கரத்திற்கு ஒரு முழத் தொலைவில் மீன்பாடி வண்டி ஒன்று நின்றது. பின்னால் விளக்கும் இல்லை, பிரதிபலிக்கும் ஒட்டுத்தாளும் இல்லை. அதை மிதித்துக்கொண்டிருந்தவர் இறங்கி வந்து, நான் நடுங்குவதைப் பார்த்து, "சாமி, அடி ஒண்ணும் படலியே?" என்று என்னையே விசாரித்தார். அவருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், எண்ணெய்ச் சிமிழை அங்கேயே திறக்க வேண்டியிருந்திருக்கும்.

முதியவள் அன்றிரவு சாகவில்லை. பூசுதல் பெற்று, நற்கருணை வாங்கி, விடியுமுன் உறங்கிப்போனாள், இன்றும் இருக்கிறாள். திரும்பும் வழியெங்கும் நான் அந்தக் கார்க்காரரைச் சினந்துகொண்டே வந்தேன். அச்சினத்தை ஞாயிறு மறையுரையில் கொட்டவும் எண்ணியிருந்தேன். விளக்கைத் தண்டின்மீது வைக்கவேண்டுமென்று ஆண்டவர் சொன்னாரேயன்றி, அயலான் முகத்தில் பிடிக்கச் சொல்லவில்லை என்று ஒரு வாக்கியம்கூடத் தயாராயிருந்தது.

அதற்கு முன்னே சனிக்கிழமை மாலை ஒருவர் வந்தார். ரயில்வேயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்குபவர், இரு கண்ணிலும் புரை அறுவை செய்துகொண்டவர். என் கதையைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சாமி, சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். போன வாரம் மந்தைவெளியில் எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்து என்னை நடைபாதையில் ஏற்றிவிட்டது. கடந்து போனபிறகுதான் அங்கியைப் பார்த்தேன்" என்றார்.

ஆடி மாதத்தில் என் ஸ்கூட்டரின் பழைய மஞ்சள் பல்பு போய்விட்டது. உதிரிபாகக் கடை ஒன்றில், "இது நல்ல வெளிச்சம் தரும்" என்று சொல்லிக் கொடுத்த வெள்ளை எல்.இ.டி. பல்பை மகிழ்வோடு மாட்டிக்கொண்டேன். சாலைப் பள்ளங்கள் தெளிவாய்த் தெரிந்தன. அந்தத் தெளிவுக்கு எதிரே வருபவர் என்ன விலை கொடுக்கிறார் என்று நான்கு மாதமாக நான் நினைத்ததில்லை.

எல்.இ.டி.யைக் குறை சொல்வதற்கில்லை. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தருவது அது. நீல எல்.இ.டி.யைக் கண்டு, அதன்வழி வெள்ளொளிக்கு வழிசெய்த ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவர்க்கு 2014-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தொல்லை, பழைய கூட்டுக்குள் புதிய பல்பைத் திணிப்பதில் இருக்கிறது. பழைய இழை பல்பில் இரண்டு இழைகள் உண்டு. தாழ்ந்த ஒளிக்குரிய இழையின் கீழே நகத்தளவு உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். கீழ்நோக்கிச் செல்லும் கதிரை அது தடுத்துவிடுவதால், ஒளி எதிரொளிப்பானின் மேற்பாதியில் மட்டும் பட்டுச் சாலையை நோக்கித் தாழ்கிறது. கிண்ணமும் இழையும் எதிரொளிப்பானும் மயிரிழை பிசகாது ஒன்றையொன்று கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. அங்கே வேறு வடிவுடைய ஒளிமூலத்தைப் பொருத்தினால் அக்கணக்கு குலைகிறது. தாழ்த்தினாலும் தாழாத ஒளியாகி எல்லாப் பக்கமும் சிதறுகிறது.

முதியோர் கண்ணில் இது இன்னும் கொடியது. இருபது வயதினன் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே அறுபது வயதினரை எட்டுகிறது. ஆதலால் இருளில் அவர்களுக்கு வெளிச்சம் தேவை. ஆயினும் மங்கத் தொடங்கிய கண்வில்லை, வரும் கடுமொளியை உள்ளே சிதறடித்துக் காட்சி முழுவதையும் வெண்திரையாக்கிவிடுகிறது. வெளிச்சம் போதாமலும் வெளிச்சம் தாங்காமலும் அவர்கள் இருபுறமும் இடர்ப்படுகின்றனர். தமஸ்கு சாலையில் பவுலடியாரை வீழ்த்தியது இருளன்று, ஒளியே. பிறர் கைப்பிடித்து நடந்து, மூன்று நாள் அவர் பார்வையற்றிருந்தார் என்பதை அன்று புதிதாய் எண்ணினேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி இதற்கென்றே உள்ளது: விளக்கிலிருந்து எட்டு மீட்டர் தொலைவில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்திலுள்ள கண்ணைக் கூசச்செய்யாதவாறு ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் என்பது ஏறத்தாழ நம்மூர் மனிதர் ஒருவரின் கண் உயரம். விதி அவ்வளவு நுட்பமாய் நம்மை அளந்து வைத்திருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் விளக்கு பகலிலும் தானே எரியும்படி செய்துவிட்டனர். ஆகவே தவறாய்த் திரும்பிய விளக்கு இப்போது நாள் முழுதும் தவறு செய்கிறது. ஓட்டுநர்களையே குற்றம் சாட்டுவதும் நியாயமன்று. குழி நிறைந்த சாலையும், வண்ணம் பூசாத வேகத்தடையும், எரியாத தெருவிளக்கும் இருக்கும்வரை, உயர்ந்த ஒளியை நாடுகிறவனின் அச்சம் எனக்குப் புரிகிறது.

பெசன்ட் நகர்க் கடற்கரையில் இதற்கு ஊமைச் சாட்சிகள் உண்டு. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் அம்மணலில் முட்டையிட வருகின்றன. வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் மிகுந்த அடிவானமே கடல் என்று நம்பி ஊர்கிறது; படைப்பில் அதற்கு இடப்பட்ட கட்டளை அது. இன்றோ கடலைவிட நகரே ஒளிமிக்கது. ஆகவே குஞ்சுகள் தெருவிளக்கை நோக்கி நடந்து மாள்கின்றன. 1988 முதல் மாணவர்கள் குழுவாய்ச் சேர்ந்து, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை இரவெல்லாம் நடந்து, முட்டைகளைச் சேர்த்துப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். நம் இளைஞர் மன்றத்தார் ஒருமுறை அவர்களோடு நடந்து பார்க்கலாம்.

இன்ஜின் ஓட்டியவர் எழுந்து போகுமுன் சொன்னார்: "எங்களுக்கு இது விதி, சாமி. இரட்டைப் பாதையில் எதிர் வண்டி வந்தால் முகப்பு விளக்கை மங்கச் செய்தாக வேண்டும். எதிரே வருகிறவனும் ஓர் ஓட்டுநர்தானே. அவன் பின்னால் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்."

மறையுரை எழுதிய தாளை மேசை அறைக்குள் வைத்துவிட்டேன். திங்களன்று மெக்கானிக்கை அழைத்து, வெள்ளைப் பல்பைக் கழற்றி, வண்டிக்குரிய பழைய இழை பல்பையே மாட்டினோம். பின்னர் இருட்டியதும் ஆலய மதிலுக்கு எட்டு மீட்டர் முன்னே வண்டியை நிறுத்தி, ஒருவரை அதன்மேல் அமரச்செய்து, விளக்கின் உயரத்தில் மதிலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டோம். தாழ்ந்த ஒளியின் பளிச்சிடும் பகுதி கோட்டுக்குக் கீழே விழவேண்டும். முதலில் அது ஒரு சாண் மேலே நின்றது. விளக்கின் பின்னுள்ள திருகை மெக்கானிக் சிறிது சிறிதாய்த் திருப்ப, பீடச் சிறுவர் இருவர் மதிலருகே நின்று "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று கூவினர். பத்து நிமிட வேலை.

அந்தச் சுண்ணாம்புக் கோடு மழையிலும் முற்றும் அழியவில்லை. சென்ற ஞாயிறு மாலைத் திருப்பலிக்குப் பின் நான் வெளியே வந்தபோது, ஓர் ஆட்டோவும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் மதிலை நோக்கி வரிசையில் நின்றுகொண்டிருந்தன.