அளவு ஜாக்கெட்

செப்டம்பர் 29, 2025, திங்கள்

ரயிலை விட்டிறங்கி, பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து, காபியைக் குடித்து முடிப்பதற்குள் அம்மாவின் போனில் அந்த அறிவிப்பு வந்துவிட்டது. புதிய அப்டேட் தயார், இப்போது நிறுவலாமா, பிறகா? அம்மா அதைப் படிக்கவே இல்லை. வெட்டிக்கொண்டிருந்த லைனிங் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டைவிரலால் 'பிறகு' என்பதைத் தொட்டுத் தள்ளினாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"அது தினமும் கேக்கும். நானும் தினமும் பிறகுன்னுதான் சொல்லுதேன்."

செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். ஆண்ட்ராய்டு 13. பாதுகாப்புப் பேட்ச் தேதி 2024 ஜூன் 1. பதினாறு மாதம் ஆகப்போகிறது. எனக்குச் சுருக்கென்றது. 2022-இல் இந்தப் போனை வாங்கிக் கொடுத்து, யுபிஐ எல்லாம் போட்டுக் கொடுத்தவள் நான்தான். ஜாக்கெட் கூலி முழுவதும் இப்போது இதற்குள்தான் வந்து சேர்கிறது. கழுத்து டிசைன் படம் இதில் வருகிறது, அளவு இதில் வருகிறது, "அக்கா, பணம் போட்டிருக்கேன்" என்ற குரலும் இதில்தான். தையல் மெஷினுக்கு அடுத்தபடியாக அம்மாவின் பிழைப்பு இந்தக் கருவியில் இருக்கிறது. நான் இதை ஒரு வருஷத்துக்கும் மேலாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. ஆகஸ்டில் ஒரு காலை, போன் பேசும் திரை தானாகவே மாறியிருந்தது. பட்டன்களின் உருவம் வேறு, இடம் வேறு. வந்த அழைப்பை எடுக்கத் தெரியாமல் விட்டு, யாரோ போனுக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பயந்து, பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அங்கேயும் அதே கதைதான். அது போன் பேசும் செயலி ஒன்றில் மட்டும் வந்த மாற்றம், இயங்குதளத்தின் அப்டேட் இல்லை என்று அன்று விளக்கினேன். ஆனால் அம்மாவின் கோபம் நியாயமானது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. தன் கத்தரிக்கோலின் வளையத்தை யாரோ இரவோடு இரவாக மாற்றி வைத்தால் எந்தத் தையல்காரி பொறுப்பாள்?

"தீபாவளிக்கு நாப்பது ஜாக்கெட் கிடக்கு. இந்நேரம் அதைப்போய் நோண்டாதட்டி."

மூன்று நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

முதல் வேலை இடம் பண்ணுவது. அப்டேட்டின் அளவு 2 ஜிபிக்கு மேல். 64 ஜிபி போனில் அந்த அளவுக்குக்கூட இடம் இல்லை. திறந்தால் காலை வணக்கங்கள், ரோஜாப்பூக்கள், முருகன், விளக்கு. ஆயிரக்கணக்கில். அவற்றை அழிக்க அம்மா ஒப்புக்கொண்டாள். டிசைன் படங்களையும், அளவு நோட்டைப் பக்கம் பக்கமாக எடுத்த படங்களையும் கேபிள் போட்டு என் லேப்டாப்பில் ஏற்றினேன். வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுத்தேன். பெரும்பாலும் எதுவும் அழியாது. இருந்தாலும் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி இன்னொருவரின் பிழைப்பில் கை வைக்கக் கூடாது.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "நல்லா இருக்கிற போனுக்கு இது எதுக்கு?"

நான் ஸ்டேஜ்ஃப்ரைட் கதையைச் சொன்னேன். 2015 ஜூலையில் வெளியே வந்தது. ஆண்ட்ராய்டில் வீடியோக்களைப் பிரித்துப் படிக்கிற பகுதியில் ஓட்டை. போன் வைத்திருப்பவர் எதையும் தொட வேண்டியதில்லை. நம்பர் தெரிந்தால் போதும், ஒரு எம்எம்எஸ் அனுப்பியே உள்ளே நுழையலாம் என்று ஜோஷுவா டிரேக் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். சுமார் 95 கோடி போன்களில் அந்த ஓட்டை இருந்ததாக அப்போது கணக்குச் சொன்னார்கள். அதற்கு அடுத்த மாதம்தான், மாதந்தோறும் பாதுகாப்புப் பேட்ச் வெளியிடும் வழக்கத்தைக் கூகுள் தொடங்கியது. அம்மா போனில் நான் பார்த்த '2024 ஜூன் 1' அந்த வழக்கத்தில் வந்த தேதி. அன்றுவரை தெரிந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டிருக்கின்றன என்று அதற்குப் பொருள். அதற்குப் பிறகு தெரியவந்த எதுவும் அடைபடவில்லை.

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "எந்த இடத்துல ஓட்டைன்னு ஊருக்கே சொல்லிட்டா, திருடனுக்கும் தெரிஞ்சுருமே?"

தெரியும். அதுதான் விஷயமே. ஒவ்வொரு மாதமும் எந்தப் பகுதியில் என்ன குறை என்று பட்டியல் பகிரங்கமாகவே வெளியாகிறது. அடைத்துக்கொண்டவருக்கு அது பழைய செய்தி. அடைக்காதவர் வீட்டுக்கு அது வழிகாட்டி. இதைப் புரியவைக்க நான் என்னென்னவோ உதாரணம் யோசித்து வைத்திருந்தேன். ஒரே கேள்வியில் அம்மா அங்கே போய் நின்றுவிட்டாள்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

இன்று போனைத் தொட அனுமதி இல்லை. மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. கத்தரிக்கோல், டேப், பாபின் டப்பா, அளவு நோட்டு. அவற்றோடு போனும். பின்பக்கம் ஒரு பொட்டு. போன வருஷம்வரை போன் இந்த வரிசையில் இருந்ததில்லையாம். "இதுவும் சோறு போடுதுல்லா" என்றாள்.

பொரி, சுண்டலோடு உட்கார்ந்து என் போனில் தேடிக்கொண்டிருந்தேன். ஆண்ட்ராய்டு 14-ஐக் கூகுள் வெளியிட்டது 2023 அக்டோபர் 4. இன்னும் மூன்று நாளில் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு 15 வந்து, இந்த ஜூனில் 16-உம் வந்துவிட்டது. அம்மாவின் போனுக்கு 14 தான் கடைசி. வாங்கும்போது 12 இருந்தது. இரண்டு பதிப்பு தருவோம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது, அந்த இரண்டு இதோடு முடிகிறது. பாதுகாப்புப் பேட்சுகள் அடுத்த வருஷம்வரை.

பதிப்பு ஒன்று போனுக்கு வந்து சேர இத்தனை தாமதம் ஏன் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருந்தது. கூகுள் எழுதியதை முதலில் சிப் செய்பவர் தன் சிப்புக்கு ஏற்றபடி திருத்த வேண்டும். பிறகு போன் நிறுவனம் தன் வேலைப்பாட்டை அதன்மேல் சேர்த்துச் சோதிக்க வேண்டும். சிப் சார்ந்த பகுதியைத் தனியாகப் பிரித்துவைக்கும் டிரெபிள் என்ற ஏற்பாடு 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்து, இந்த வேலையைப் பெருமளவு குறைத்தது. பிறகும் விலை குறைந்த போனுக்குத்தான் தாமதம், அதற்குத்தான் குறைந்த வருஷம். பிக்சல் 8-க்கு 2023-இலும், கேலக்ஸி எஸ்24-க்கு 2024-இலும் 7 வருஷம் அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். ஏழு வருஷம் தர முடியும் என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டது.

பெரிய போன் வைத்திருப்பவரின் வங்கிக் கணக்கும் அம்மாவின் வங்கிக் கணக்கும் ஒரே யுபிஐ வழியாகத்தான் ஓடுகின்றன. ஜாக்கெட் தைத்துச் சேர்த்த பணத்துக்குக் காவல் குறைவாகப் போதும் என்று யார் முடிவு செய்தது? ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருஷத்துக்கு இயங்குதள அப்டேட்டுகள் கிடைக்க வேண்டும் என்கிறது அது. வாங்கிய நாளைக் கணக்கில் எடுக்காமல், கடைசிப் போன் விற்கப்பட்ட நாளிலிருந்து எண்ணியிருக்கிறார்களே, அந்த நுணுக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசியில் தள்ளுபடியில் வாங்குகிற ஏழையையும் அது கணக்கில் எடுக்கிறது. நம் நாட்டுக்கு அப்படியொரு விதி வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

காலையில் மறுபூஜை முடிந்ததும் அம்மாவே போனை எடுத்துக் கையில் கொடுத்தாள். புதிது தொடங்க நல்ல நாள்.

வீட்டில் வைஃபை இல்லை. என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, சார்ஜர் சொருகி, இறக்கத் தொடங்கினேன். இறங்க ஒன்றரை மணி நேரம். பிறகு நிறுவத் தொடங்கியது. போன் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தது. அம்மா அதிலேயே இரண்டு பேரிடம் பேசினாள். "மாத்திக்கிட்டு இருக்குங்க, பேசவும் முடியுது. எப்படிட்டி?"

அளவு ஜாக்கெட்டை வைத்துத்தான் சொன்னேன். தைக்கக் கொடுப்பவர் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குத் தருவார். அதை யாரும் பிரித்துப் போட்டுப் புதிது தைப்பதில்லை. அது பத்திரமாக ஒரு பக்கம் கிடக்கும், புதிது பக்கத்தில் தைக்கப்படும். போனிலும் இயங்குதளத்துக்கு இரண்டு இடம். ஓடிக்கொண்டிருப்பது ஓரிடத்தில் இருக்க, புதியதை இன்னோரிடத்தில் எழுதுகிறார்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது புதியதைப் போட்டுப் பார்க்கும். பொருந்தாமல் போனால் பழையதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். 2016-இல் ஆண்ட்ராய்டு 7-உடன் வந்த முறை இது. இடத்தை மிச்சப்படுத்தும்படி பின்னால் திருத்தியிருக்கிறார்கள். அதற்கு முன்பெல்லாம் இருந்ததன்மேலேயே எழுதுவார்கள். அந்த நேரம் முழுக்கப் போனை வெறும் கல்லாக வைத்துக்கொண்டு காத்திருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. பாதியில் ஏதாவது ஆனால் நிஜமாகவே கல்தான்.

ரீஸ்டார்ட் கேட்டபோது நிறுத்தினேன். பின் நம்பர் என்னம்மா?

அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை போன் கேட்கிறபோது போடுகிறவள்தான். "நம்பரா எனக்குத் தெரியாது. வெரலுக்குத் தெரியும்." புதிய பதிப்பில் எண்களின் உருவம் கொஞ்சம் மாறியிருந்தால் விரல் தடுமாறும். மெதுவாகப் போட்டுப் பார்க்கச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, அளவு நோட்டில் ஒரு பக்கம் தேடி, இல்லாத ஒருத்தியின் பேரைப் போட்டு, மார்புச் சுற்றும் முதுகு உயரமுமாக எழுதிவைத்தாள். பார்ப்பவருக்கு அது ஒரு ஜாக்கெட்.

திரை கறுத்தது. நிறுவனத்தின் பெயர் வந்து நின்றது. நான்கு நிமிஷம் இருக்கும். அம்மா மெஷின் பக்கம் போகவில்லை, அங்கேயே நின்றாள்.

எழுந்து வந்த போன் விரல் ரேகையை ஏற்கவில்லை. பின் கேட்டது. அம்மா போடுவதற்குள் ஓர் அழைப்பு வந்துவிட்டது. பேர் இல்லை, வெறும் எண். "எல்லாம் போச்சா?" என்று அம்மாவின் குரல் கம்மியது. போகவில்லை. போனுக்குள் இருப்பதெல்லாம் பூட்டிவைத்த சரக்கு. சாவி அந்தப் பின் நம்பரிலிருந்து உருவாகிறது. ரீஸ்டார்ட் ஆன பிறகு முதல்முறை அதைப் போடும்வரை போனுக்கே தன் முகவரிப் புத்தகத்தைத் திறக்க முடியாது. பின்னைப் போட்டதும் தவறிய அழைப்பில் பேர் வந்து உட்கார்ந்தது. தெற்கு பஜார்க்காரி, ஆரி ஒர்க் ஜாக்கெட்.

ராத்திரி தசராவுக்குப் பன்னிரண்டு அம்மன் சப்பரங்களும் வருவதைப் பார்க்கப் போனோம். அம்மா போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தாள். கேமரா பட்டன் பழைய இடத்திலேயே இருந்ததில் அவளுக்குப் பெரிய நிம்மதி.

அக்டோபர் 3, வெள்ளி

போன் சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்று காலையிலேயே புகார். அப்டேட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் அப்படித்தான். செயலிகளைப் புதிய இயங்குதளத்துக்கு ஏற்றபடி உள்ளே மறுபடி தயார் செய்துகொண்டிருக்கும்.

ஆண்ட்ராய்டு 14-இல் அம்மாவுக்கென்றே இரண்டு விஷயம் இருந்தன. எழுத்தை 200 சதவீதம்வரை பெரிதாக்கலாம். ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்புகள் அதே அளவுக்கு ஊதிப்போகாமல், சின்ன எழுத்துகள்தான் அதிகம் வளரும். முப்பது வருஷம் கொக்கி கட்டிய கண்ணுக்கு இது பெரிய உபகாரம். இன்னொன்று, அழைப்பு வந்தால் கேமரா விளக்கு மின்னும் வசதி. மோட்டார் மெஷின் ஓடும்போது மணி கேட்காமல் எத்தனையோ அழைப்புகள் தவறியிருக்கின்றன. அணுகல்தன்மைப் பகுதியில் அதைப் போட்டுவிட்டு, போனை மெஷின் பலகையில் குப்புற வைத்து, அடுத்த அறையிலிருந்து அழைத்தேன். மெஷின் சத்தம் நின்றது.

"ஏட்டி, மின்னுதுட்டி!"

இந்த வசதி ஒரு வருஷமாக 'பிறகு' என்ற பட்டனுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. அறிவிப்பில் இருந்ததெல்லாம் பதிப்பு எண்ணும் அளவும்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

துணி வாங்க வந்த ஒரு அக்கா அழுதாள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்ததாம். தொட்டிருக்கிறாள், கேட்டதற்கெல்லாம் சரி கொடுத்திருக்கிறாள். அது பத்திரிகையில்லை, ஏபிகே, ஒரு செயலி. கணக்கில் இருந்தது போய்விட்டது. 1930-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்ய உதவினேன்.

அவள் போனதும் அம்மா கேட்டாள். "நம்ம போன்ல இனிமே இது வராதுல்லா?"

பொய் சொல்ல முடியவில்லை. அனுமதி கேட்கும் முறையே இல்லாத காலத்து ஆண்ட்ராய்டுக்கென எழுதியதாகப் பாவனை காட்டி நுழையும் செயலிகளை 14 நிறுவ விடாது. செயலி குறைந்தது ஆண்ட்ராய்டு 6-க்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் செயலி திரையைப் படிக்கும் அதிகாரம் கேட்டால் 13-லிருந்தே தடுக்கிறது. ஆனால் நாமே கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டால் எந்த அப்டேட்டும் குறுக்கே நிற்காது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், நிறுவச் சொல்லாது என்று சொன்னேன். அம்மா அதை மூன்று முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

ரயிலுக்குக் கிளம்பும்முன் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். மெஷினுக்கு எண்ணெய் விட்ட தேதி, பெல்ட் மாற்றிய தேதி எல்லாம் அங்கேதான் எழுதிவைப்பாள். அவற்றுக்குக் கீழே 'போன், 2-10-25'.

"அடுத்து எப்ப?"

பதிப்பு இனி வராது, சின்னப் பேட்சுகள் வரும், வந்த அன்றே போட வேண்டும், அதுவும் அடுத்த வருஷம்வரைதான் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த வரிக்குக் கீழே ஆறேழு வரி இடம் விட்டு, சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாள்.