வெளிச்சம் முடியும் கோடு

காலி வண்டியில் ஹெட்லைட்டைச் சரிபார்ப்பது வீண் வேலை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி வைத்திருக்கும் எங்களில் பலர் அதைத்தான் செய்கிறோம். வண்டி பட்டறையில் சும்மா நிற்கும் நாளில், பெயின்ட் காய்கிற நேரத்தில், யாராவது ஸ்க்ரூவைத் திருகி, "இப்ப சரியா இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். சரக்கு ஏறியதும் அந்த லைட் எங்கே பார்க்கும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

கணக்கு சின்னதுதான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 4 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பாரம் ஏறி, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 4 சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்கினால், வண்டியின் மூக்கு 1 சதவீதம் மேலே தூக்கும். லைட்டும் அதே அளவு தூக்கும். காலி வண்டியில் டிம்மை நேர்கோட்டில், சாய்வே இல்லாமல் வைத்திருந்தால் லோடு ஏறிய பின் அது வானத்தைப் பார்க்கும். லைட் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் தள்ளி வெளிச்சத்தின் மேல் ஓரம் ஒன்றரை மீட்டரில் நிற்கும். எதிரே காரில் வருகிறவரின் கண் அதற்குக் கீழேதான் இருக்கிறது.

அதனால் நான் லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, வண்டி வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் சாயங்காலத்தில்தான் இந்த வேலையை எடுப்பேன். மறுநாள் விடியற்காலை கிளம்ப வேண்டியிருந்தாலும் பொழுது சாய்ந்தபின் அரை மணி நேரம் கிடைத்துவிடும்.

ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை உண்டு. டயர் எல்லாவற்றிலும் காற்றைச் சரிபார்த்துக்கொள்வேன். பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். அதைச் சரிசெய்யாமல் லைட்டைத் திருகினால் வைத்த அளவு நிற்காது. ஒரு பக்க லைட் மட்டும் மங்கலாக எரிந்தால் முதலில் எர்த் ஒயரின் முனையைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பல்பே போய்விட்டது என்று கொண்டுவருவதில் பல, துருப்பிடித்த எர்த்தாகத்தான் இருக்கும்.

பிறகு பல்ப். எங்கள் 24 வோல்ட் வண்டிகளில் எச்4 என்றால் 75/70 வாட். ஒரே பல்புக்குள் பிரைட்டுக்கு ஓர் இழை, டிம்முக்கு ஓர் இழை. டிம் இழைக்கு அடியில் சின்னத் தகட்டுக் கிண்ணம் ஒன்று இருக்கும். கீழ்நோக்கிப் போகிற ஒளியை அது மறித்துவிடும். அதனால் டிம் போட்டால் லைட்டுக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டுமே வேலை செய்யும். அங்கே பட்ட ஒளி தெறித்துச் சாலையில் இறங்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஹெட்லைட்டின் மேல்பாதியில் கறுப்புப் பெயின்ட் அடிக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. எதிரில் வருகிறவரைக் காப்பாற்ற என்று நினைத்து அடிக்கிறோம். ஆனால் அந்தப் பெயின்ட் மறைப்பது பெரும்பாலும் டிம்மின் வெளிச்சத்தை. கண்ணைக் கூசவைக்கும் பிரைட், கீழ்பாதி வழியாகத் தாராளமாக வெளியே வரும்.

பல்பின் விளிம்பில் மூன்று காதுகள் இருக்கும். மூன்றும் அதனதன் பள்ளத்தில் உட்கார வேண்டும். அவசரத்தில் அழுத்தி வைத்தால் வெளிச்சம் ஓரமில்லாமல் கலங்கித் தெரியும். சந்தையில் கிடைக்கும் மலிவான எல்.இ.டி.யை எச்4 கூட்டுக்குள் செருகுகிறவர்களுக்கும் இதே கதிதான். பழைய இழை இருந்த இடத்தில் புது ஒளி இல்லாததால் சுவரில் கோடே விழாது. கோடு விழாத லைட்டை எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது.

இனி சுவர். எங்கள் குடோனுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் இருக்கிறது. வண்டி நிற்கும் இடமும் சுவரின் அடியும் ஒரே மட்டமா என்று, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்பை வைத்துத்தான் பார்ப்பேன். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் களத்தில்கூட மழைநீர் ஓட ஒரு சரிவு விட்டிருப்பார்கள். லைட்டிலிருந்து சுவருக்கு 10 மீட்டர் அளந்து, வண்டியை நேராக நிறுத்த வேண்டும். லைட்டின் நடுமையத்தைத் தரையிலிருந்து அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு படுக்கைக் கோடு. ஒவ்வொரு லைட்டின் மையத்துக்கும் நேராகத் தூக்குக்குண்டு பிடித்து ஒரு செங்குத்துக் கோடு. பிறகு முதல் கோட்டுக்கு 15 சென்டிமீட்டர் கீழே இன்னொரு படுக்கைக் கோடு. இதுதான் முக்கியமான கோடு. 10 மீட்டரில் 15 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் ஒன்றரை சதவீதம். 1 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் லைட்டுக்கு ஐ.நா. வாகன விதிகளில் 48ஆம் விதி ஒன்றரையிலிருந்து இரண்டு சதவீதம் வரை சொல்கிறது. காருக்கு லைட் தாழ்வாக இருப்பதால் அதைவிடக் குறைவு.

கேபினில் ஒருவர் உட்கார்ந்திருக்க, ஒரு லைட்டை அட்டையால் மறைத்து, மற்றதை டிம்மில் எரியவிடுங்கள். லைட்டை ஏற்றி இறக்கும் குமிழ் கேபினில் இருந்தால் அது எந்த எண்ணில் நிற்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது சுவரில் வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் ஓரம் தெரியும். வலது பக்கம் அது சமமாகப் போகும். நடுவிலிருந்து இடது பக்கம் 15 டிகிரி மேலே ஏறும். வலதில் எதிர்வண்டி வருகிறது, அங்கே வெளிச்சம் தலைதூக்கக் கூடாது. இடதில் சைக்கிள்காரர், லைட் இல்லாமல் நின்றுபோன டிராக்டர், ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர். அவர்களுக்காகத்தான் அந்த ஏற்றம். பழைய ரோடுகளில் புளியமரத்து அடியில் அடித்திருக்கும் வெள்ளைப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பளிச்சிட்டு வருவதும் அதனால்தான். வலது பக்கச் சமக்கோட்டைக் கீழ்க்கோட்டில் படியவைத்து, ஏற்றம் தொடங்கும் முனையைச் செங்குத்துக் கோட்டில் நிறுத்த வேண்டும். இரண்டு இழையும் ஒரே பல்பில் இருப்பதால் பிரைட் தானாகவே தன் இடத்துக்கு வந்துவிடும்.

ஸ்க்ரூவைத் திருகுவதில் எனக்கு ஒரு பழக்கம். கோட்டுக்குக் கீழே நன்றாக இறக்கிவிட்டு, அங்கிருந்து மேலே ஏற்றிக்கொண்டே வந்து நிறுத்துவேன். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் மரையில் தளர்ச்சி மிச்சமிருக்கும். குழியில் இரண்டு அடி விழுந்தால் லைட் தொங்கிவிடும். முடித்ததும் வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தி, அதே இடத்தில் நிறுத்தி, மறுபடி பார்க்க வேண்டும்.

இப்படி வைத்தால் லோடு வண்டியின் டிம் ஏறத்தாழ 67 மீட்டர் போய்த் தரையைத் தொடும். காலியாகத் திரும்பும்போது மூக்கு இறங்கி இரண்டரை சதவீதமாகி, 40 மீட்டரிலேயே விழும். இங்கேதான் டிரைவர்களோடு வாக்குவாதம்.

"லைட்டு கீழயே அடிக்குதுங்ணா, ஒண்ணுமே தெரியல."

"காலி வண்டில அப்படித்தான் கண்ணு இருக்கும். குமிழைத் திருப்பி ஏத்திக்கோ. ஸ்க்ரூல கை வைக்காத."

குமிழ் இல்லாத பழைய வண்டிக்கு இந்தப் பதில் செல்லாது. அங்கே வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். நாலுவழிச் சாலையில் நடுத்திட்டு அரளிச்செடி எதிர் வெளிச்சத்தை ஓரளவு மறைப்பதால் பிரைட்டிலேயே ஓட்டிப் பழகிவிட்டார்கள். அரளி இல்லாத துறையூர் ரோட்டில் அந்தப் பழக்கம் அப்படியே தொடர்கிறது. தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் எந்தக் கோடும் முழுதாகக் காப்பாற்றாது. சரிவும் வளைவும் மாறிமாறி வரும்போது வெளிச்சம் யார் கண்ணிலாவது பட்டே தீரும். அங்கே டிம்மும் பொறுமையும்தான்.

எல்லாம் முடிந்ததும் ஸ்க்ரூவின் தலையிலும் பக்கத்துத் தகட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பேன். மகளிடம் கேட்டு வாங்குவதுதான். அதிர்வில் திரும்பினாலும், யாராவது திருப்பினாலும் அந்தச் சொட்டு விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டை மாற்றினாலோ, டயர் சைஸ் மாற்றினாலோ, முன்பக்கம் இடிபட்டு லைட் புதிதாகப் போட்டாலோ மறுபடி சுவருக்கு வர வேண்டும். எஃப்.சி.க்கு முன்னாலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் நல்லது. சாக்பீஸ் கோடு மழைக்கு அழிந்துவிடுவதால், குடோன் சுவரில் இப்போது பெயின்ட்டிலேயே கோடு போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கு லைட் உயரம் வேறு என்பதால் அவருக்குத் தனிக் கோடு, பச்சையில்.