சித்தப்பா காலுக்கு எந்தப் பிளேட்?

வாட்ச் விளம்பரத்துல டைட்டானியம், கண்ணாடி ஃப்ரேம்ல டைட்டானியம், செல்போன் பாடியில டைட்டானியம்... பேரைக் கேட்டாலே வானத்துல இருந்து விழுந்த சரக்கு மாதிரி என்னா பில்டப்பு! ஆனா பாஸ், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி பீச்சுல நடந்திருக்கீங்களா? காலுக்கடியில கறுப்பா மின்னுதே ஒரு மணல், அதிலிருக்கும் இல்மனைட்டில்தான் நம்ம ஹீரோ ஒளிஞ்சிருக்கார். கூடவே இரும்பும் ஆக்சிஜனும். பூமியின் மேலோட்டில் அதிகம் கிடைக்கும் தனிமங்கள் வரிசையில் இவருக்கு ஒன்பதாவது ரேங்க். கிளாஸ்ல ஒன்பதாவது ரேங்க் எடுத்தவனை 'அபூர்வப் பிறவி'னு சொல்வோமா என்ன?

அப்புறம் ஏன் இந்த விலை? வில்லன், ஆக்சிஜன்தான். இரும்புத் தாதுவைக் கரியோட சேர்த்துச் சூடாக்கினா, கரி ஆக்சிஜனைப் பிடுங்கிட்டுப் போயிடும். இரும்பு தனியா வந்துடும். டைட்டானியத்துகிட்ட அந்தப் பருப்பு வேகாது. கரி அதுக்குள்ளேயே புகுந்து கார்பைடா மாறி உட்கார்ந்துடும். அதனால சுத்தி வளைச்சுப் போகணும். முதல்ல குளோரின் வாயுவைச் செலுத்தி டைட்டானியம் டெட்ராகுளோரைடுங்கிற திரவமாக்கணும். காத்துல இருக்கிற ஈரம் பட்டாலே வெள்ளையா புகை கக்குற ஆசாமி இது! அதை ஆர்கான் வாயு நிரப்பின மூடிய பாத்திரத்துல, உருகின மக்னீசியத்தோட மோத விட்டா, ஓட்டை ஓட்டையா ஒரு கட்டி மிஞ்சும். 'ஸ்பான்ஜ்'னு பேர். அதை வெற்றிடத்தில் உருக்கி வார்த்தால்தான் உலோகம். வில்லியம் க்ரோல் இதுக்கு அமெரிக்காவில் பேடன்ட் வாங்கியது 1940-ல். இன்னிக்கும் பெரும்பாலும் அவர் போட்ட ரூட்தான். நம்ம பக்கத்துல கேரளாவின் சவராவில் கே.எம்.எம்.எல். நிறுவனம் 2011-ல் ஸ்பான்ஜ் ஆலை திறந்தது. வருஷத்துக்கு 500 டன் திறன். முக்கியமா ராக்கெட்டுக்காக!

(கொசுறு: தோண்டி எடுக்கிற டைட்டானியத் தாதுவில் 90 சதவிகிதத்துக்கு மேல உலோகமாவதே இல்லை. வெள்ளை பெயின்ட்டுக்கும் பேப்பருக்கும் போயிடுது!)

சரி, கட்டியை வார்த்தாச்சு. கடையுறது? அது இன்னொரு தலைவலி. விமானத்துக்கும் எலும்புக்கும் அதிகம் போறது 6 சதவிகிதம் அலுமினியமும் 4 சதவிகிதம் வனேடியமும் கலந்த அலாய். எடை ஸ்டீலில் பாதிக்குக் கொஞ்சம் மேல, பலத்தில் நல்ல ஸ்டீலோடு மல்லுக்கட்டும். ஆனா, வெப்பத்தைக் கடத்துறதில் மகா சோம்பேறி. லேத்தில் வெட்டுற சூடெல்லாம் டூல் முனையிலேயே தங்கி, டூலைத் தின்னுடும். பொடியா விழுற சீவல் தீப்பிடிச்சாலோ, தண்ணி ஊத்தி அணைக்கவும் கூடாது!

இவ்வளவும் செமஸ்டருக்காகப் படிச்சதுதான். போன வருஷம் மழைக்காலத்தில் எங்க சித்தப்பா பைக்கிலிருந்து விழுந்து இடது கால் எலும்பு உடைஞ்சப்போதான் சிலபஸ் வீட்டுக்குள்ளேயே வந்துடுச்சு. சித்தப்பாவுக்குச் சொந்தமா ஒரு 'குட்டி யானை' வண்டி. அவர் கிளட்ச் மிதிச்சாதான் வீட்டுல அடுப்பு எரியும். ஆஸ்பத்திரியில், "எஸ்.எஸ். பிளேட்டா, டைட்டானியமா? ரேட் வேற வேற"ன்னு கேட்டாங்க. சித்தி என்னைப் பார்த்தாங்க. "நீ இன்ஜினீயரிங்தானேப்பா... சொல்லு."

வித்தியாசப் பணம், என் தங்கச்சி முறை வர்ற சின்னவளோட டேர்ம் ஃபீஸ். 'காசு பார்க்காதீங்க, பெஸ்ட்டே போடுங்க'ன்னு சொல்லிட்டா எனக்குக் கெத்துதான். சொல்லலை. டாக்டர்கிட்ட போய்க் கேள்வியா கேட்டேன். டைட்டானியம் ஸ்டீலைவிட வளைஞ்சு கொடுக்கும், எலும்போட குணத்துக்கு இன்னும் கிட்ட. ஸ்கேன் படத்தில் ஸ்டீல் அளவுக்குக் கறை விழாது. ஸ்டீலில் நிக்கல் இருக்கு; சிலருக்கு அலர்ஜி. இதெல்லாம் சித்தப்பா கேஸில் எவ்வளவு முக்கியம் சார்?

டாக்டர் சிரிச்சார். "இந்த முறிவு ஒட்டுறதுக்கு ரெண்டுமே போதும். பின்னாடி பிளேட்டை எடுக்கணும்னா ஸ்டீல்தான் சுலபம். டைட்டானியம் ஸ்க்ரூ சில சமயம் உள்ளேயே இறுகிக்கும்" என்றார். அது எனக்குத் தெரிஞ்ச சமாசாரம்தான். எலும்பு டைட்டானியத்தை அந்நியமா நினைக்காம ஒட்டிக்கும். ஸ்வீடனில் ப்ரனேமார்க் 1950-களில் முயல் காலில் பார்த்த அதே விஷயம். 1965-லிருந்து மனுஷங்களுக்குப் பல் இம்பிளான்ட் வெச்சதே அந்த ஒட்டுதலை நம்பித்தான். பல்லுக்கு வரம், கழட்ட வேண்டிய ஸ்க்ரூவுக்கு இம்சை!

"சித்தி, சித்தப்பாவுக்கு ஸ்டீல் வாட்ச் கட்டினா கை அரிக்குமா?"

"பதினஞ்சு வருஷமா அதைத்தானேப்பா கட்டியிருக்காரு!"

ஸ்டீல் பிளேட்டே போட்டாங்க. நாலு மாசம் கழிச்சு வண்டி எடுத்தார். இப்பவும் மழை வந்தா லேசா வலிக்குதாம். "டைட்டானியம்னா வலிக்காதோ?"ன்னு சித்தி மட்டும் அப்பப்போ கேட்பாங்க. அதுக்கும் வலிக்கும் சித்தி!