மதகில்லா ஏரி

தொண்டை நாடு ஏரிகள் மலிந்த நாடு. பாலாறும் செய்யாறும் மழைக்காலத்தில் நீர் பெருகி ஓடி, மற்றை நாள்களில் வெண்மணற் பரப்பாய்க் கிடப்பன. ஆதலின், பெய்யும் மழையைத் தேக்கி வைத்தே இந்நாட்டார் நெடுங்காலமாக உழுது வாழ்ந்து வந்தனர். காஞ்சிமாநகரினின்று எத்திசையில் நடந்தாலும் ஏரிக்கரை ஒன்று எதிர்ப்படும். பிறை போல் வளைந்த மண்கரை, வயலுக்கு நீரை அளந்து விடும் மதகு, மிகுந்த நீரைக் கரைக்கு ஊறு நேராவண்ணம் வெளியேற்றும் கலங்கல் ஆகிய மூன்றும் அமைந்ததே ஏரி என்பது இங்குள்ளோர் கருத்து. காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், ஏரியைக் காத்தற்கென்றே ஏரி வாரியம் என்னும் குழு குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. அக்குழுவினர் பணியாற்றிய காலம் 360 நாள்கள்.

இத்தகைய ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர் இமயத்தின் பனி ஏரியொன்றைக் காணச் சென்றால், அவருடைய கண்கள் முதலில் தேடுவன மதகையும் கலங்கலையுமே ஆகும். அவை அங்கு இல்லை. கரை மட்டும் உண்டு. அக்கரையைக் கட்டியவர் யார் என்பது பின்னர் விளங்கும்.

சிக்கிம் மாநிலத்தில் கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்கா உள்ளது. பூங்கா என்றவுடன் பாத்தியும் பூச்செடியும் நினைவிற்கு வருதல் இயல்பு. இதுவோ 1,784 சதுர கிலோமீட்டர் பரந்த காடும் பனிமலையும் ஆகும். 1977-ஆம் ஆண்டில் இது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இயற்கைச் சிறப்பும் பண்பாட்டுச் சிறப்பும் ஒருங்கே உடையதென 2016-இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இதனுள் பனியாறுகள் பலவும் 73 பனி ஏரிகளும் உள்ளன. 8,586 மீட்டர் உயர்ந்து, உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமாய் விளங்கும் கஞ்சன்ஜங்கா இதன் மேலெல்லையில் நிற்கின்றது. காஞ்சி என்னும் பெயரோடு இப்பெயரை உறவாக்கிப் பார்க்கச் சிலருக்கு ஆவல் எழக்கூடும். ஒலி ஒத்தால் உறவு உண்டென்று கொள்ளுதல் முறையன்று. 'பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள்' என்பது திபெத்திய மொழியில் இப்பெயர் தரும் பொருள்.

சென்னையிலிருந்து புகைவண்டியில் நியூ ஜல்பாய்குரி சென்று, அங்கிருந்து மலைப்பாதை வழியே யுக்சம் என்னும் சிற்றூரை அடைதல் வேண்டும். சிக்கிமின் முதல் அரசர் 1642-இல் முடிசூடியது இவ்வூரிலேயாம். இங்கிருந்து வண்டிப் பாதை இல்லை. காலால் நடந்தே ஏற வேண்டும். முதலில் ஈரம் சொட்டும் பெருமரக் காடு; அதன்மேல் செந்நிறமும் வெண்ணிறமுமாய்ப் பூத்து நிற்கும் மலைப்பூவரசுகள்; அதற்கும் மேல் கணுக்கால் அளவே வளர்ந்த புதர்கள்; இறுதியில் புல்லும் கல்லும். சுமை தாங்கி எதிரே வரும் சடைமாடுகளைக் கண்டால் ஒதுங்கி நிற்றல் நலம். பழந்தமிழ் நூல்கள் கவரிமா எனக் குறிப்பது இவ்விலங்கையே. அதனை ஒரு வகை மானாக எண்ணுவோர் இன்றும் பலர்! கோயிலில் இறைவனுக்கு வீசும் வெண்சாமரம் இதன் வால்மயிரால் ஆயது.

ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள சோங்ரி என்னும் புல்வெளியைக் கடந்து மேலே சென்றால் சமிதி ஏரி தோன்றும். அதன் நீர் நீலமா, பச்சையா என்று துணிந்து கூற இயலாது. காஞ்சி நெசவாளர் பாவினை ஒரு நிறத்திலும் ஊடையினை மற்றொரு நிறத்திலும் அமைத்து நெய்யும் மயில்கழுத்துப் பட்டினைக் கண்டவர்க்கு அந்நிறம் புதிதன்று. பட்டில் அது இரு நூல்களால் விளைவது. பனி ஏரிகளிலோ, பனியாறு அரைத்த பாறைமா நீரிற் கலந்து ஒளியைச் சிதறச் செய்வதால் விளைவது.

இம்மலையை அந்நாட்டு மக்கள் தெய்வமாகப் போற்றுகின்றனர். 1955-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் ஜோ பிரௌன், ஜார்ஜ் பாண்டு என்னும் ஆங்கிலேயர் இருவர் முதன்முதலில் இதன் உச்சியை அணுகினர். சிக்கிம் அரசர்க்கு அளித்த வாக்கினை எண்ணி, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று அவர்கள் திரும்பினர். அத்துணைப் பாடுபட்டு ஏறியவர் அங்ஙனம் நின்றது, ஏறியதனினும் அரிய செயல் என்றே கூறலாம்.

இனி, கரையைக் கட்டியவர் யார் எனக் காண்போம். பனியாறு மெல்ல நகரும் இயல்பினது. நகருங்கால் பாறையை உடைத்து, கல்லும் மணலும் சேறுமாய் வாரிச் சென்று, தன் முனையிலும் பக்கங்களிலும் வரப்பாகக் குவிக்கின்றது. பின்னர் வெப்பம் மிகுந்து பனி உருகிப் பின்வாங்கும்போது, வரப்பிற்கும் பனிக்கும் இடையே பள்ளம் தோன்றி, அதில் உருகுநீர் தேங்குகின்றது. அதுவே பனி ஏரி. கரையினுள் சில இடங்களில் உறைபனியும் புதைந்து கிடக்கும். அது உருகினால் கரை தளரும். உலகம் வெப்பமுற்று வருதலின் இத்தகைய ஏரிகள் பல, ஆண்டுதோறும் அகன்று வருகின்றன.

வடசிக்கிமில் 5,200 மீட்டர் உயரத்தில் தெற்கு லோனாக் என்னும் ஏரி உள்ளது. முன்னர்ச் சிறிதாயிருந்த அது பெரிதும் விரிந்தமை கண்டு, 2016-இல் குழாய்கள் இட்டு நீரைக் குறைக்க முயன்றனர். பெருகிய நீருக்கு அக்குழாய்கள் போதவில்லை. 2023 அக்டோபர் 3-ஆம் நாள் இரவு பக்கக்கரை சரிந்து ஏரியுள் வீழ்ந்தது; எழுந்த பேரலை முன்கரையை உடைத்தது. தீஸ்தா ஆற்றில் இறங்கிய வெள்ளம், சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்னாற்றலுக்கெனக் கட்டப்பட்ட அணையையும் அடித்துச் சென்றது. உறக்கத்திலிருந்தோர் பலர் மாண்டனர். பாலங்களும் வீடுகளும் சேற்றில் அமிழ்ந்தன.

அண்டை நாடாகிய நேபாளத்தில் சோ ரோல்பா என்னும் பனி ஏரி உண்டு. அதன் கரையை வெட்டிக் கால்வாய் அமைத்து, அதற்குக் கதவும் பொருத்தி, 2000-ஆம் ஆண்டில் நீர்மட்டத்தை மூன்று மீட்டர் தாழ்த்தினர். நம் ஊரார் காணின் அதனை மதகு என்றே அழைப்பர். சிக்கிமிலும் 2024-இல் அறிவியல் குழுவினர் உயர்ந்த ஏரிகள் சிலவற்றிற்கு ஏறிச் சென்று, படகில் மிதந்து ஆழம் அளந்தும், கரையின் உறுதியை ஆய்ந்தும் வந்தனர். மூச்சு முட்டும் அவ்வுயரத்தில், ஆண்டில் சில திங்களே அப்பணி செய்ய இயலும். மற்றைக் காலத்தில் ஏரியும் கரையும் பனியால் மூடப்பட்டுக் கிடக்கும்.