இரண்டாம் பரிசுக்கு நேர்ந்துவிட்ட செட்டு

தமிழ் தலைவாஸ் கடைசி இடத்தில் கிடந்த காலத்தில் நான் நல்ல மனிதனாக இருந்தேன். அவர்கள் நன்றாக ஆடத் தொடங்கிய பிறகுதான் கெட்டுப்போனேன். மன்னார்குடிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் சுற்றுவட்டத்தில் எங்கே மின்னொளி கபடி நடந்தாலும் மைக் பிடிக்கக் கூப்பிடுவார்கள். கடை சோறு போடுகிறது. மைக்தான் என்னை இதை எழுத வைத்திருக்கிறது.

புரோ கபடி லீக் 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கியபோது தமிழ்நாட்டுக்கு அதில் இடமில்லை. கபடியென்றால் உயிரை விடும் எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியூர் பனியனைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். கல்லணைப் பக்கம் திருச்சனம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 2016இல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். நாங்கள் கடைத்தெருவில் வெடி போட்டோம். ஆனாலும் கோப்பை போனது பீகாருக்கு. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியதுபோல ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

2017இல் நான்கு புது அணிகள் வந்தன: ஹரியானா ஸ்டீலர்ஸ், யு.பி. யோதா, குஜராத், நம் தமிழ் தலைவாஸ். டெண்டுல்கர் பங்குதாரர். கமல்ஹாசன் விளம்பரத் தூதர். முந்தின வருடம்தான் அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று மடக்கி இந்தியா உலகக் கோப்பையை வாங்கியிருந்தது. அந்த இறுதி ஆட்டத்தைத் திருப்பிப் போட்ட அஜய் தாக்கூர்தான் நமக்குக் கேப்டன். இனி என்ன, கோப்பை சென்னைக்கு வந்து அங்கிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிவிடும் என்றே நினைத்தோம்.

முதல் இரண்டு சீசன்களிலும் பிரிவில் கடைசி. 2019இல் அஜய் தாக்கூரோடு ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் என்று பெரிய பெரிய பெயர்களைச் சேர்த்தார்கள். 22 ஆட்டத்தில் 4 வெற்றி. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

அப்போது என்னைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை. கடையில் யாராவது திட்டினால், “பாவம்யா, அவனுங்களும் மனுசன்தானே, நாளெல்லாம் வண்டியிலயும் பிளேன்லயும் சுத்திக்கிட்டு வந்து ஆடுறானுங்க” என்று வக்காலத்து வாங்குவேன். தோற்ற இரவில் டிவியை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். இதைப் பெருந்தன்மை என்று மற்றவர்கள் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். எதையும் எதிர்பார்க்காதவனுக்குப் பெருந்தன்மை சும்மா வரும் என்பது அப்போது தெரியவில்லை.

2022, ஒன்பதாவது சீசன். ஏலத்தில் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். கபடியில் அதுவரை யாருக்கும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. முதல் ஆட்டத்திலேயே, குஜராத்துக்கு எதிராக, முழங்காலில் அடிபட்டு அவர் வெளியே போனார். சீசன் முழுக்கத் திரும்பவில்லை. தொடர் பாதியில் பயிற்சியாளரும் மாறி, அசன் குமார் வந்தார். அதோடு கதை முடிந்தது என்று நான்தான் கடையில் தீர்ப்புச் சொன்னேன்.

முடியவில்லை. நரேந்தர் என்று ஒரு புதுப் பையன், லீக்கில் அவனுக்கு அதுதான் முதல் சீசன், இருநூறு புள்ளிக்கு மேல் ரெய்டில் எடுத்தான். கார்னரில் சாகர் ராதியும் சாகில் குலியாவும் காலைப் பிடித்தால் ஆள் நகர முடியாது. பன்னிரண்டாவது இடத்தில் கிடந்த அணி ஐந்தாவதாக வந்து நாக்அவுட்டுக்குள் நுழைந்தது. யு.பி. யோதாவோடு 36-36 என்று சமன் ஆகி, டைபிரேக்கரில் 6-4 என்று ஜெயித்தபோது கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில், டிசம்பர் 15ஆம் தேதி, மும்பையில் அரையிறுதி. புனேரி பல்டன் 39, தமிழ் தலைவாஸ் 37.

இரண்டு புள்ளி. அந்த இரவில் எனக்கு வந்த கோபம், நாலு ஆட்டம் மட்டுமே ஜெயித்த வருடத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. சம்பா பொதி கட்டும் நேரம். மறுநாள் காலையில் மேலுரம் வாங்க வந்தவர்களிடம் உரத்தைப் பற்றிப் பேசாமல் இதையே பேசினேன். யார் யாரையெல்லாம் திட்டினேன் என்றால், அவர்களால்தான் அணி அங்கே வரை போயிற்று என்று இரண்டு நாள் முன்பு நானே சொன்ன ஆட்களை. ஹரியானாக்காரனுக்கு நம் ஊர் கோப்பை மேல் என்ன அக்கறை என்றேன். அதே வாயால், தமிழ்நாட்டுப் பையன் அபிஷேக் ஒரு பிடியைத் தவறவிட்டால், “சின்னப் பயலை ஏன்யா இறக்குறீங்க” என்றும் சொல்லியிருக்கிறேன். நம் ஆளும் வேண்டும், அவன் தப்பும் செய்யக் கூடாது.

டீக்கடையில் அன்றைக்குத்தான் அந்த வாக்கியம் பிறந்தது. “இது இரண்டாம் பரிசுக்குக்கூட வக்கில்லாத செட்டு” என்றார் ஒருவர். நான் சொன்னேன்: “இல்லண்ணே, வக்கு இருக்கு. கிட்டக்க வந்து தோக்குறதுக்குன்னே நேர்ந்து விட்ட செட்டு.” பெஞ்சே குலுங்கியது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். அதை இரண்டு மாதம் வெவ்வேறு இடங்களில் சொல்லிப் பார்த்து, எந்தச் சொல்லில் அழுத்தினால் சிரிப்பு வரும் என்று பக்குவப்படுத்தி வைத்திருந்தேன். டிவியில் ஆடுகிறவன் காதில் அது விழப்போவதில்லை. அதனால் அதில் யாருக்கும் அடிபடவில்லை.

2023 மாசியில் எங்கள் ஊரில் மின்னொளி கபடி. அந்த வருடம் பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் படுத்துவிட்டது. சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைவிட்டது. ஹெக்டேருக்கு 20 ஆயிரம் ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. போட்டியை நிறுத்திவிடலாமா என்று விழாக் குழுவில் பேச்சு வந்தது. சனங்களுக்கு ஒரு மாறுதல் வேண்டும் என்று நடத்தினோம்.

எங்கள் ஊர் செட்டும் அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தது. பல வருடம் முதல் சுற்றிலேயே தோற்று, சொந்த ஊரில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற பையன்கள். வாய்க்கால் கரையை ஒட்டிய தரிசில் சாயங்காலம் தவறாமல் பழகி, அரையிறுதிக்கு வந்து, பிறகு இறுதிக்கு வந்து, அந்த வருடம் மறுபடியும் இறுதிக்கு வந்திருந்தார்கள். எதிரே ஒரு பலமான செட்டு. வடுவூர்ப் பக்கத்தில் பழகியவர்கள் அதில் இருந்தார்கள். வடுவூர் என்றால் மற்றவர்களுக்குப் பறவைகள் சரணாலயமும் ராமர் கோயிலும், எங்களுக்குக் கபடி. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடிய அபினேஷ் அந்த ஊர்தான்.

கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். கடைசி ரெய்டு எங்களுடையது. போனவன் எங்கள் தெருப் பையன், என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறவன். இடது கார்னரைத் தொட்டுவிட்டான், அதில் சந்தேகமில்லை. திரும்பிப் பாய்ந்தபோது நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் கணுக்கால் மாட்டியது. மேலே நாலு பேர் விழுந்தார்கள். அவன் கை நீண்டு, விரல் நுனி சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் மண்ணைப் பிராண்டிக்கொண்டிருந்ததை மேடையிலிருந்து பார்த்தேன். விசில் ஊதிவிட்டார்கள்.

என் கையில் மைக் இருந்தது. கூட்டம் ஓவென்று ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அந்த மாதிரி நேரத்தில் மைக் பிடிப்பவனுக்கு ஒரு வேலைதான்: இரண்டு செட்டையும் பாராட்டி, பரிசு கொடுக்கப் பெரியவர்களை மேடைக்குக் கூப்பிட வேண்டும். நான், “எத்தனை தடவைதான் கிட்டக்க வந்து தோப்பீங்க? இரண்டாம் பரிசுக்குன்னே நேர்ந்து விட்ட செட்டுய்யா இது” என்றேன். சிரிப்பு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் இரண்டாம் பரிசுக் கோப்பையை வாங்க மேடை ஏறியபோது, முழங்கை தோல் உரிந்து ரத்தமும் மண்ணுமாக இருந்தது. “தம்பி, இதை வைக்க வீட்ல எடம் இல்லேன்னா மாட்டுக் கொட்டாயில வச்சிக்க” என்றேன். முன்னதைவிடப் பெரிய சிரிப்பு.

பெண்கள் பக்கத்தில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர்கள் வயல் அந்த மழையில் படுத்துக் கிடந்தது எனக்குத் தெரியும். அவன் அப்பா பூச்சிமருந்து வாங்கிய பாக்கி என் கடைக் கணக்கு நோட்டில் இருந்தது. கடன்காரன் மகனைக் கடைக்காரன் மைக்கில் கிண்டல் செய்தால் எப்படிப் படும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன். யோசிக்கவில்லை என்பது பொய். அம்மாவைப் பார்த்தேன், பார்த்த பிறகுதான் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன். சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

கோபம் ஊருக்காக வந்தது என்று அப்போது நம்பினேன். உண்மை வேறு. இந்த வருடம் கோப்பை நம் ஊருக்குத்தான் என்று பக்கத்து ஊர் மைக்காரர்களிடம் பெருமையடித்துவிட்டு வந்திருந்தேன். அந்தப் பையன்கள் வாய்க்கால் கரையில் பழகிய நாட்களில் ஒரு பனியனுக்குக்கூட நான் காசு கொடுத்ததில்லை. ஒரு சாயங்காலம் போய் நின்று பார்த்ததில்லை. ஜெயித்தால் என் வார்த்தைக்கு மரியாதை, தோற்றால் அவர்களுக்கு அவமானம் என்று ஒரு கணக்கு. தலைவாஸ் விஷயத்திலும் நான் வைத்திருந்தது அதே கணக்குத்தான்.

அரையிறுதியில் நம்மை மடக்கிய புனேரி பல்டனின் கதையைப் பிறகு யோசித்துப் பார்த்தேன். 2014 முதல் ஆடுகிறார்கள். 2022 இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரிடம் தோற்றார்கள். அடுத்த சீசனில், 2024 மார்ச்சில், ஹரியானா ஸ்டீலர்ஸை 28-25 என்று ஜெயித்து முதல் கோப்பையை வாங்கினார்கள். அன்று தோற்ற ஹரியானா, நம்மோடு சேர்ந்து 2017இல் வந்த அணி, அதே வருடம் டிசம்பரில் பாட்னாவை மடக்கி முதல் கோப்பையை வாங்கியது. தோற்ற ஆட்களில் பெரும்பகுதியைக் கலைக்காமல் வைத்துக்கொண்டு ஆடிய அணிகள் இவை. புனேயிலோ ரோதக்கிலோ என்னைப்போல ஒருவன் உரக்கடையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டுதான் இருந்திருப்பான். அவன் கையில் மைக் இல்லாததால் தப்பித்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நம் தலைவாஸ் அடுத்த இரண்டு சீசனும் ஒன்பதாவது இடம். 2024இல் சேரலாதனே வியூகப் பயிற்சியாளராக வந்தும், சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்தும் அதே ஒன்பது. ஒன்பதாவது இடம் வந்ததும் என் பொறுமை திரும்பி வந்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். மறுபடி “பாவம்யா” என்றேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி மகன் கால்பந்து பைத்தியம், இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் கட்சி. 2008க்குப் பிறகு கோப்பையே இல்லை என்று வருடா வருடம் புலம்புவான். 2025 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்து யூரோப்பா லீக் வாங்கினார்கள். போன் போட்டு அழுதான். லீக்கில் பதினேழாவதாக வந்ததற்காக, கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளரையே பதினைந்து பதினாறு நாளில் கழற்றிவிட்டார்கள். “சரியாத்தான் பெரியப்பா செஞ்சாங்க” என்றான் அவன். கோப்பை வந்தால் வாய் அடங்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். எனக்கு ஆறுதலாக இல்லை.

எங்கள் தெருப் பையன் அந்த இறுதி ஆட்டத்துக்கு அப்புறம் ஆடவில்லை. காரணம் நான்தான் என்று யாரும் சொன்னதில்லை. திருப்பூர் போனான், திரும்பி வந்தான், இப்போது அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். கபடி விட்டுப்போக வயசு, வேலை, கடன் என்று ஆயிரம் காரணம் இருக்கும், அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் தூங்கலாம். ஆனால் அவனோடு பழகிய மற்றவர்கள் இன்னும் ஆடுகிறார்கள். கடைக்கு வந்தால், “சித்தப்பா, அப்பா பாக்கி எவ்வளவு நிக்குது?” என்று கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டுப் போவான். நான் வட்டியைத் தள்ளுபடி செய்தேன். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. வட்டியைத் தள்ளியது அதற்குப் பதிலாகத்தான் என்பது அவனுக்குத் தெரியுமோ என்னவோ. தெரிந்திருந்தால் இன்னும் கேவலம்.

போன மாசியிலும் விழாக் குழுவில் மைக்குக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், போய் ஒத்துக்கொண்டேன். முதல் நாள் ராத்திரி புள்ளியை மட்டும் சொன்னேன். நன்கொடையாளர் பெயர்களை வாசித்தேன். “என்னண்ணே, இந்த வருசம் சொரத்தே இல்லை” என்று சவுண்டு சர்வீஸ் பையன் சொன்னான். இரண்டாம் நாள் பக்கத்து ஊர் செட்டு ஒன்று காலிறுதியில் ஒரு புள்ளியில் தோற்றது. நாக்கின் நுனிக்கு ஒரு வாக்கியம் வந்தது. சொன்னேன். கூட்டம் சிரித்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.